வெர்லின் கேட்கும் ஒரே கேள்வி

நெப்ராஸ்காவின் நடுவே, மனிதரைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் ஒரு மாவட்டத்தில், காலையில் மாட்டுச் சந்தை விலை சொல்லி முடித்த பிறகும் வானொலியை யாரும் அணைப்பதில்லை. அடுத்து வெர்லின் க்ரோக்கர் பேசுவார். தீவனக் கடையை விற்றுவிட்டு வாயை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டவர் என்று ஊரில் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களும் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் சவரம் செய்வார்கள்.

வெர்லின் பழமைவாதி. அதை அவர் மறைத்ததும் இல்லை, அதற்காகக் கூச்சப்பட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகினால் ஊர்க்காரர்கள் கூடிச் சரிசெய்யட்டும், ஏணி பிடிக்க வாஷிங்டனிலிருந்து ஆள் வர வேண்டாம் என்பார். இன்றைக்குக் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு அதை நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள் தலையில் கட்டுவது திருட்டு என்பார். ஆனால் ஊர் அவரை மதித்தது இந்தக் கருத்துகளுக்காக மட்டும் அல்ல. இதையெல்லாம் இன்னும் உரக்கக் கத்துவதற்கு வானொலியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வெர்லினிடம் ஒரு கேள்வி இருந்தது. பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டு ஓட்டுக் கேட்டு வருபவர் யாரானாலும், சொந்தக் கட்சியோ எதிர்க்கட்சியோ, அவர் கேட்பது அது ஒன்றுதான்.

"மசோதாவைப் படிச்சீங்களா?"

செங்கல் கனத்துக்கு மசோதா வரும். இன்றைக்கு அச்சடித்து நாளைக்கே ஓட்டுக்கு விடுவார்கள். உதவியாளர் எழுதிக் கொடுத்த சுருக்கத்தைப் பார்த்துக் கை தூக்கிவிட்டு ஊருக்குத் திரும்பும் கனவான்கள், வெர்லின் முன்னால் வந்து உட்கார்ந்ததும் எச்சில் விழுங்குவார்கள். "படிக்காம கை தூக்கறது வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடறதுதாங்க. உங்க பையன் அப்படிப் போட்டா விடுவீங்களா?" என்பார். ஒரு பெரிய மனிதரின் அரசியல் வாழ்க்கை அந்த நாற்காலியிலேயே முடிந்திருக்கிறது.

அவர் தாமும் படிப்பார். உண்மையைச் சொன்னால், படித்தது அவர் மனைவி லவோன். சில வருடங்களாகவே வெர்லினுக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கிவிட்டது. வாசலில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. கார் ஓட்டுவதை விட்டுவிட்டார் என்பது ஊருக்குத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். காலைக் காப்பியோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து லவோன் மசோதாவை வாய்விட்டுப் படிப்பாள். அதிலும் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஆரம்பத்தில் வரும் பகுதியை ஒரு வரி விடாமல் படிப்பாள். வெர்லினுக்குப் பொறுக்காது.

"அதை விட்டுட்டு விஷயத்துக்கு வாயேன்."

"பண்ணைன்னா என்னன்னு இவன் சொல்றான்னு தெரிஞ்சாத்தான், பண்ணையை என்ன பண்ணப் போறான்னு தெரியும். சும்மா இருங்க."

சும்மா இருப்பார். வானொலியில் "நாங்க படிச்சோம்" என்றுதான் எப்போதும் சொல்வார். அது ஏதோ பெருந்தன்மையான பேச்சு வழக்கு என்று கேட்பவர்கள் நினைத்தார்கள்.

போன இலையுதிர் காலத்தில், சோள அறுவடை பாதியில் இருக்கும்போது, லவோன் தோட்டத்தில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து தேவாலயத்தில் பன்றியிறைச்சி ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு எல்லோரும் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் வெர்லின் வானொலிக்குத் திரும்பினார். லவோன் கடைசியாகப் படித்த மசோதாக் கட்டை ஒலிவாங்கிக்கு முன்னால் வைத்துக்கொண்டார். பேசும்போது நடுநடுவே அதைப் புரட்டுவார். அந்தச் சரசரப்பைக் கேட்டால்தான் ஊருக்கு நம்பிக்கை.

மசோதாவைத் தொலைபேசி படித்துக் காட்டும் என்று யாரோ சொல்லி, அதையும் செய்து பார்த்தார். லவோன் உட்காரும் பக்கத்திலிருந்து மூச்சு விடாத ஒரு இயந்திரக் குரல் பிரிவு, உட்பிரிவு என்று ஒப்பிக்க ஆரம்பித்தது. அவரால் தாங்க முடியவில்லை. அணைத்துவிட்டார். வாஷிங்டனில் தம் கட்சி ஆட்கள் நடத்தும் ஒரு செய்திமடல் இருந்தது. மசோதாவில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடும். அதைக் கேட்பதில் வலி இல்லை, லவோன் செய்திமடல் எதையும் ஒரு நாளும் படித்தவள் அல்ல. நம்ம ஆட்கள்தானே, பொய்யா சொல்லப் போகிறார்கள் என்று அதை வைத்தே பேசத் தொடங்கினார். இத்தனை வருடம் அடுத்தவனை எதற்காகக் கழுவி ஊற்றினாரோ, அதையே தாம் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். துக்கம் ஒரு நல்ல சாக்கு, வேறென்ன.

வசந்தத்தில் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தது. இந்தப் பக்கத்தில் அதில் ஜெயித்தவர் சபைக்குப் போனது மாதிரிதான். ஏற்கெனவே சபையில் இருந்த வேட் ரோலாண்டை எதிர்த்து ஜோலின் ப்ராபெக் நின்றாள். கன்று வளர்த்து விற்பவள், லவோனின் அண்ணன் மகள். கையில் பணமும் இல்லை, பெயரும் இல்லை. அவள் ஜெயிப்பாள் என்று அவள் புருஷனே நம்பவில்லை.

அப்போதுதான் நிலத்தடி நீர் மசோதா வந்தது. பண்ணைக் கிணறு ஒவ்வொன்றிலும் மத்திய அரசு மீட்டர் மாட்டப்போகிறது, வேட் அதற்கு ஓட்டுப் போட்டுவிட்டார் என்றது செய்திமடல். இந்த ஊரில் கிணற்றில் கை வைத்தால் பாதிரியாரே கெட்ட வார்த்தை பேசுவார். வெர்லின் தினமும் காலையில் தாளைச் சரசரவென்று புரட்டி வேட் ரோலாண்டைப் பிழிந்து எடுத்தார். தோட்ட வேலிகளில் வேட்டின் பிரசாரப் பலகைகள் கழன்றன, ஜோலின் பலகைகள் ஏறின. அவள் அவர் வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"மாமா, அந்த மீட்டர் விஷயம் உறுதிதானே? நானும் மேடைக்கு மேடை அதையே சொல்லிட்டிருக்கேன்."

"நான் எப்பவாவது படிக்காம பேசியிருக்கேனா?"

அவள் காப்பியைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போனாள்.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. வேட்பாளர்கள் சமையல் அங்கி கட்டிக்கொண்டு ஊருக்குப் பான்கேக் சுட்டுப் போட வேண்டும் என்பது வழக்கம். கருக விடுகிறவனுக்கு ஓட்டும் கருகும் என்று கிண்டல் செய்வார்கள். அங்கிருந்தே நேரடி ஒலிபரப்பு. தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, மசோதாக் கட்டும் ஒலிவாங்கியுமாக வெர்லின் உட்கார்ந்திருந்தார். வேட் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"வேட், மசோதாவைப் படிச்சீங்களா?"

"படிச்சேன், பெரியவரே. முழுசாவே படிச்சேன். நீங்க எதைப் படிச்சீங்கன்னுதான் எனக்குப் புரியல."

கூட்டம் சிரித்தது. வேட் சிரிக்கவில்லை.

"மீட்டர் இருந்தது முதல்ல கொண்டுவந்த மசோதாவுல. சபைக் குழு விசாரணையில நான்தான் சண்டை போட்டு அதை எடுக்க வெச்சேன். ஓட்டுக்கு வந்ததுல அது கிடையாது. உங்க முன்னாடிதானே கட்டு இருக்கு? கிணறு பத்தி வர்ற இடத்தைப் பிரிச்சுப் படிங்க, ஊரே கேக்கட்டும்."

வெர்லினின் கை கட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. சுட்டவனும் தின்றவனும் அவரையே பார்த்தார்கள். வேட்டுக்கு அவர் கண்ணைப் பற்றித் தெரியாது, அவமானப்படுத்தும் எண்ணமும் இல்லை. அடுப்புப் பக்கமிருந்து ஜோலின் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா கண்ணாடியை மறந்துட்டு வந்திருப்பாங்க. குடுங்க, நான் படிக்கறேன்."

கட்டை எடுத்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். அது போன வருடத்து விவசாய மசோதா. ஓரமெல்லாம் அவள் அத்தையின் பென்சில் கோடுகள். அவள் முகம் எப்படி மாறியது என்று வெர்லினுக்குத் தெரியாது. அவள் மூச்சு நின்று திரும்பி வந்தது மட்டும் கேட்டது. தேர்தலுக்கு முன்னால் ஞாயிறும் திங்களும்தான் இருந்தன.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு," என்றாள், கட்டை மெதுவாக மூடிக்கொண்டே. "அப்புறமா நிதானமாப் பாத்துக்கலாம். அடுத்த கேள்விக்குப் போங்க, மாமா."

வெர்லின் தலையாட்டினால் போதும். தம் பெயரும் பிழைக்கும், அவளுடைய தேர்தலும் பிழைக்கும். லவோன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவர் யோசிக்கவில்லை. அவள் இருந்திருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது என்றுதான் நினைத்தார். அதில்தான் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒலிவாங்கியை இழுத்து வைத்துக்கொண்டார்.

"நான் படிக்கலீங்க," என்றார். "லவோன் போனதுக்கப்புறம் நான் ஒண்ணையுமே படிக்கல. இந்தக் கட்டு பழசு. சத்தத்துக்கு வெச்சிருந்தேன். கிணத்தைப் பத்தி வேட் மேல நான் சொன்னது அத்தனையும் தப்பு. என் ஓட்டு இன்னமும் ஜோலினுக்குத்தான், கடன் விஷயத்துல வேட் வழுக்கறாரு, அது வேற. ஆனா என் கிணத்துப் பேச்சைக் கேட்டு யாரும் ஓட்டை மாத்தாதீங்க."

அடுப்பில் பான்கேக் கருகும் வாடை வந்தது. ஜோலின் கட்டை மேசையில் வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை வேட் ஜெயித்தார், நூலிழையில். வெர்லின் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜோலின் சபைக்கே போயிருப்பாள் என்று பாதி ஊர் சொன்னது. ஜோலினும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் கூப்பிட்டபோதெல்லாம் தொலைபேசியை எடுக்கவில்லை.

வானொலி நிலைய முதலாளி டெல்மரிடம் போய், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் வெர்லின்.

"ஆள் எங்க இருக்கு? நீங்க படிச்சு முடிக்கற வரைக்கும் பழைய போல்கா டான்ஸ் பாட்டுப் போடறேன். ஜனங்க போல்கா வேணாம், வெர்லினே தேவலைன்னு கெஞ்சட்டும். அப்ப வாங்க."

வெர்லின் சமையலறை மேசையில் தொலைபேசியை வைத்து, நீர் மசோதாவை, சபையில் ஓட்டுக்கு வந்ததையே, ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டார். கிணறு என்றால் என்ன, பண்ணை என்றால் என்ன என்று இயந்திரம் ஒப்பித்தது. பழக்கதோஷத்தில், "அதை விட்டுட்டு விஷயத்துக்கு வாயேன்," என்றார். சும்மா இருங்க என்று யாரும் சொல்லவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தபடி அழுதார். அழுது முடித்ததும் தவறவிட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி கேட்டார். காலைதோறும் அப்படித்தான். வெளியே சோளம் முளைத்து, முழங்காலளவு வளர்ந்தது.

கோடையில் ஒரு காலை, மாட்டு விலைக்குப் பிறகு போல்கா வரவில்லை.

"வெர்லின் பேசறேன்," என்றார். முன்னால் தாள் எதுவும் இல்லை. "நீர் மசோதாவை முழுசாக் கேட்டு முடிச்சேன். மீட்டர் இல்ல. அதை எடுத்தது வேட்தான், அந்த மரியாதை அவருக்குச் சேரணும். ஆனா உள்ள ஒரு நிதி இருக்கு. யார் கேட்டாங்கன்னே தெரியாத நிதி. அதைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, யாராவது திட்டணும்னா கூப்பிட்டுத் திட்டிக்கலாம்."

தொலைபேசி விளக்கு ஒன்று எரிந்தது. டெல்மர் இணைப்பைக் கொடுத்தார்.

"மாமா," என்றது குரல். உட்கட்சித் தேர்தலுக்குப் பிறகு அவர் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "மசோதாவைப் படிச்சீங்களா?"

ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"படிச்சேன், ஜோலின்."

"அத்தை விடாம படிப்பாங்களே, அர்த்தம் சொல்ற பகுதி. அதையும்?"

"அதுலேருந்துதான் ஆரம்பிச்சேன்."

அந்தப் பக்கம் கன்றுகள் கத்தின.

"அப்ப பேசுங்க, மாமா," என்றாள். "கேக்கறேன்."