கறுப்பு ஜன்னல்

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையில் யாருடைய விரலையும் போன் அடையாளம் கண்டுகொள்ளாது. அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் பொருத்துக்கோடு தெரியாமல் ஈர ஸ்பாஞ்சால் தேய்க்கிற வேலை எனக்கு. பதினெட்டு வருஷத்தில் என் ரேகையும் சேர்ந்து தேய்ந்துவிட்டது, மிச்சத்தின் மேல் எப்போதும் வெள்ளை மண். அதனால் என் போனுக்குப் பூட்டே கிடையாது. பகலில் என்னிடம் இருக்கும், சாயங்காலம் பன்னிரண்டாவது படிக்கும் மகளிடம் போய்விடும். திடீரென்று நம்பர் பூட்டுப் போட்டால் ஏன் என்று கேட்க மாட்டாளா?

மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது அவளுக்குப் பொதுத்தேர்வு தொடங்கியிருந்தது. கணவர் கேரளாவில் வேலையில் இருந்தார். யாரிடமும் மூச்சு விடாமல் கடலூர் போய், ஊசியால் சதை எடுக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். ரிசல்ட்டை நெட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டு தந்தார்கள். அதில் ரயில் நீளத்துக்கு ஒரு விலாசம், கீழே ஒரு எண். புற்றா இல்லையா என்பது அதில்தான் வரும்.

அதற்கு முன்பே ஒரு தப்புச் செய்திருந்தேன். 'மார்பில் கட்டி' என்று தேடிவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். மறுநாள் 'மா' என்று அடித்ததும் போன் முழுசையும் எடுத்து நீட்டியது. சனியனே, தண்டோரா போடவா உன்னை வாங்கினேன்? பக்கத்தில் வர்ணம் பூசுகிறவளிடம், பார்த்தது போனில் தங்காமல் இருக்க என்ன வழி என்று கேட்டேன்.

"யக்கா, மூலையில மூணு புள்ளி இருக்குது பாருங்க. அத அமுக்குனா கறுப்பா ஒரு ஜன்னல தொறக்கலாம். அதுல பாத்துட்டு மூடிட்டீங்கன்னா, பாத்த சுவடே இருக்காது."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"சொல்றதா இருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க."

கறுப்பு ஜன்னலுக்கு ஞாபகமே கிடையாது. ஒவ்வொரு தடவையும் விலாசத்தை முதல் எழுத்திலிருந்து அடிக்க வேண்டும். இன்னும் தயாராகவில்லை என்று வரும். மூடுவேன். ஒரு தட்டுப் பொம்மை தேய்ப்பதற்குள் கை நமநமக்கும், மறுபடி அடிப்பேன். டீ நேரத்தில், கக்கூஸில், பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றபடி. ஒருநாள் ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையைத் தேய்த்தே உடைத்தேன். மேஸ்திரி முறைத்தார். போய்யா நீ வேற, என்றிருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் ரிப்போர்ட் வந்துவிட்டது. எல்லாம் இங்கிலீஷ். ஆனால் புற்றுக்கான அந்த ஒரு வார்த்தை எனக்கு அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது. கெட்ட கட்டிதான். இரண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கிப் பார்த்தேன், திரும்பத் திரும்ப. பெரிசாக்கினால் மாறிவிடுமா என்ன? மூடினேன். சுவடே இல்லை.

சாயங்காலம் மகள் போனை எடுத்தவள், டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள்.

"அம்மா, அஞ்சு நாளா எழுத்து அடிக்கிற எடத்துல மட்டும் வெள்ளவெள்ளயா மண்ணு. நான்தான் துப்பட்டாவால தொடச்சிட்டுப் படிக்கிறேன். இன்னிக்கு நடுவுல ரெண்டு வெரலு இழுத்த கோடு, ஒண்ணு மேல ஒண்ணா. பெரிசு பண்ணிப் பண்ணி என்னத்த பாத்த?"

உள்ளே அழித்தவளுக்கு மேலே துடைக்கத் தோன்றவில்லை.

"போயி படிக்கிற வேலயப் பாரு!" என்று கத்தினேன். அவள் நகரவில்லை. கை நீட்டியபடியே நின்றாள். பர்ஸிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் கறுப்பு ஜன்னலைத் தேடவில்லை, சாதாரண ஜன்னலிலேயே அடித்தாள். படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்குக் கணக்குப் பரீட்சடி" என்றேன்.

"எழுதுவேன். எழுதிட்டு வந்ததும் ரெண்டு பேருமா டாக்டருகிட்ட போறோம். நீ தனியா போனேன்னா, நான் பரீட்சையே எழுத மாட்டேன், ஆமா."

எழுதிவிட்டுத்தான் வந்தாள். கடலூரில் டாக்டர், "ரிப்போர்ட் எங்கம்மா?" என்றார். மகள் போனை என் கையில் வைத்தாள். பழக்கத்தில் பர்ஸைத் திறந்து சீட்டைத் துழாவினேன்.

"சீட்டு வேணாம்மா, அடி" என்றாள் மகள்.

முதல் எழுத்தை அடித்தேன். மிச்சத்தைப் போனே போட்டுக்கொண்டது. அத்தனை நாள் வராத அழுகை, டாக்டர் முன்னால் வந்தது.