ஆறு இருபது பஸ்

2024.02.14 — ரூ. 6,500
2024.07.08 — ரூ. 5,000
2024.07.09 — ரூ. 4,500
2024.07.10 — ரூ. 3,180
2024.07.11 — ரூ. 3,060
2024.07.12 — ரூ. 0

இவ்வளவும் கலாராணி தன் கையிலிருந்து கொடுத்தது. முதல் தொகை அவளுடைய இணையதளத்துக்கு ஓராண்டு வாடகை. மற்றவை வேன் கூலி. பூச்சியம் தவறுதலாக விழுந்ததல்ல.

பதுளை பஸ் நிலையத்தில் நப்ரீஸின் போன் கடையில் வேலை செய்கிறாள் கலாராணி. அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பாள். ஊர் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அங்கே லயத்து வரிசை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். கடை ஆறு மணிக்குத்தான் மூடும், ஊருக்குக் கடைசி பஸ்ஸோ ஐந்தரைக்கே போய்விடும். ஆகவே வாரநாட்களில் டவுனில் வாடகை அறை, சனிக்கிழமை மட்டும் வீடு.

கடைக்குப் போனுக்கு ரீலோட் போட வருகிறவர்களில் பாதிப் பேர் பஸ் நேரம் கேட்டுவிட்டுப் போவார்கள். முதலில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். அட்டை போதாமல் போனதும் இணையதளம் தொடங்கினாள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பதுளை டிப்போவில் நேரக் குறிப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். நேரங்களைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டாள். ஆனால் அவள் எழுதியது வெறும் நேரமல்ல. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிப் போய்வந்து எழுதினாள். கொஸ்லந்த பஸ்ஸுக்குக் கீழே, "வலப்பக்க ஜன்னல் மூடாது, மழைநாளில் இடப்பக்கம் உட்காருங்கள்." மொனராகலை பஸ்ஸுக்கு, "நிறுத்துமிடத்தில் வடை சாப்பிடலாம், தேநீர் வேண்டாம்." நமுனுகுலவிலிருந்து காலையில் வரும் பஸ்ஸுக்கு, "காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு எங்கம்மா டவுனுக்கு வந்தது இதில்தான். பின்சீட்டில் கோழிக்கூடை இருந்தால் முன்னால் போய்விடுங்கள்."

ஏப்ரல் மாதம் நப்ரீஸ் தன் போனை அவளிடம் நீட்டினார். கொழும்பிலிருந்து நடத்தப்படும் ஒரு பயணத்தளம். பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம், நடுவே அவளுடைய வசனங்கள் அச்சு மாறாமல்.

"நானா, பாருங்களேன்! எங்கம்மாவையும் சேத்துல்ல தூக்கிட்டானுங்க!"

"கோழியையாவது விட்டுவெச்சிருக்கானா பாரு தங்கச்சி."

கோழிக்கூடையும் இருந்தது.

அவற்றை எடுத்துவிடும்படி அந்தத் தளத்துக்கு எழுதினாள். பஸ் நேரம் யாருடைய சொத்தும் அல்ல என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"அது சரிதான் பிள்ளை," என்றேன். "நேரம் ஒருத்தற்றை சொத்துமில்லை. ஆனால் வசனம் உம்மடையது."

"அத எப்படிங்க ஐயா நிரூபிக்கிறது? நாங்கதான் முதல்ல எழுதினோம்னு அவனுங்களும் சொல்லுவானுங்கல்ல?"

முதலில் தளத்துக்குப் பூட்டுப் போட்டாள். எழுத்தை விரலால் தொட்டு நகலெடுக்க முடியாதபடி செய்தாள். திருடனுக்கு அது தடையாகவே இல்லை. அவன் வைத்திருந்தது தானாகவே பக்கங்களை அள்ளும் மென்பொருள். தடைப்பட்டவர்கள் நம்மவர்கள்தான். "பஸ் டைமை எடுத்து அம்மாவுக்கு வட்ஸ்அப்ல அனுப்ப முடியல அக்கா" என்று கடைக்கே வந்து சண்டை போட்டார்கள். மறுநாளே பூட்டைக் கழற்றினாள்.

பிறகுதான் அந்தப் பொறியை வைத்தாள். பதுளையிலிருந்து நமுனுகுலவுக்கு மாலை ஆறு இருபதுக்கு ஒரு பஸ் இருப்பதாக எழுதினாள். அப்படி ஒரு பஸ் கிடையாது. அதன்மேல் சிவப்பில் ஒரு படம் போட்டு, "இந்த பஸ் ஓடாது, திருடனைப் பிடிக்க வைத்தது" என்று படத்துக்குள் எழுதினாள். அவளுடைய தளத்துக்கு வருகிறவர் கண்ணில் அந்தச் சிவப்பு படாமல் போகாது. திருடனின் மென்பொருளோ எழுத்தை மட்டும் எடுக்கும், படத்தை எடுக்காது. இல்லாத பஸ் அவன் தளத்தில் ஓடத் தொடங்கினால் அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை. கடை மூடும் நேரம், நல்ல மழை. ரீலோட் போடப் போன நான் கடைக்குள்ளேயே ஒதுங்கி நின்றேன். கலாராணி திடீரென்று கூச்சலிட்டாள். "விழுந்துட்டான் நானா! ஆறு இருபது அவன் பக்கத்துல ஓடுது!" நப்ரீஸ் மூன்று பிளேன்டீக்குச் சொல்லியனுப்பினார்.

தேநீர் வருமுன் ஒரு பெண் படியேறி வந்தார். நனைந்த குடையை வெளியே உதறிவிட்டு, "ஏம்மா, ஆறு இருபது நமுனுகுல பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?" என்று கேட்டார்.

கலாராணியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அந்தப் பெண் இராக்கம்மா, டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காக தினமும் ஐந்தே காலுக்கே புறப்படுவார், அதற்கு முதலாளி சம்பளத்தில் வெட்டுவார். புது பஸ் வந்திருப்பதாகக் கூட வேலை செய்யும் பிள்ளைகள் போனில் காட்டியதால், அன்றைக்குத்தான் முதன்முறையாக ஆறு மணிவரை நின்றிருக்கிறார். வெளியே தூணோரம் இன்னும் ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

கலாராணி குடையில்லாமல் இறங்கிப் போனாள்.

"அந்த பஸ் இல்லீங்க. அத நாந்தான் எழுதினேன். என் எழுத்தத் திருடினவனப் பிடிக்கிறதுக்காகப் பொய்யா எழுதி வெச்சது. அவன் அதையும் திருடிப் போட்டுட்டான்."

பின்னாலேயே இறங்கி வந்த இராக்கம்மா கேட்டார்: "எழுதறதுதான் எழுதின, கூடவே ஒரு டிரைவரையும் எழுதியிருக்கக் கூடாதா புள்ள?"

ஒருவர் சிரித்தார், இன்னொருவர் ஏசினார். இரண்டும் நியாயம்தான். கலாராணி வேன் பிடித்து ஆறு பேரையும் ஏற்றிவிட்டாள். ஐயாயிரம் ரூபா.

அன்று இரவே பதிப்புரிமை முறைப்பாட்டை எழுதி, அந்தத் தளத்துக்கு இடம் வாடகைக்கு விட்டிருந்த வெளிநாட்டுக் கம்பனிக்கு அனுப்பினாள். சாட்சியாக இல்லாத பஸ்ஸையும் இருக்கிற அம்மாவையும் காட்டியிருந்தாள். தன் தளத்திலிருந்தும் ஆறு இருபதை நீக்கினாள். ஆனால் முறைப்பாட்டுக்குப் பதில் வரும்வரை திருட்டுத் தளத்தில் அந்த பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது பேர், வேன்காரர் ஐந்நூறு குறைத்தார். புதன்கிழமை பதினொரு பேர். இராக்கம்மா எல்லாரிடமும் பஸ் கட்டணமான நூற்றிருபதை வாங்கி, "பிடி, நீ என்ன முதலாளியா?" என்று கலாராணியின் கையில் திணித்தார். வியாழன் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை பதினைந்து பேர், ஆளுக்கு முந்நூறு போட்டு முழுக் கூலியையும் கொடுத்துவிட்டார்கள். மேலே உள்ள பூச்சியம் அதுதான்.

திங்கட்கிழமை, பதினைந்தாம் தேதி, கம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளுடைய வசனங்கள் இருந்த பக்கங்களெல்லாம் நீக்கப்பட்டன. வேன்காரரும் அன்றிலிருந்து பசறைக்கு டியூஷன் பிள்ளைகளை ஏற்ற ஒப்புக்கொண்டிருந்தார். இராக்கம்மா பழையபடி ஐந்தே காலுக்குப் புறப்பட்டார், முதலாளி பழையபடி வெட்டினார்.

கலாராணி வென்றவள் போல இல்லை. இராக்கம்மா கடையைத் தாண்டி ஓடும்போதெல்லாம் இவள் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் நான் கேட்டேன்.

"பிள்ளை, ஏன் ஆறு இருபது எண்டு போட்டனீர்? ஒருத்தரும் வராத நேரம் ஒண்டைப் போட்டிருக்கலாமே?"

"யோசிக்கவே இல்லீங்க ஐயா. கடைய மூடி, பூட்டிட்டு, நடந்து வந்தா ஆறு இருபது ஆகும். நான் வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்த எழுதிட்டேன்."

மற்றவர்கள் அந்தப் பொய்யை ஏன் உடனே நம்பினார்கள் என்பது அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

அந்த ஐந்து நாளும் வேனில் ஏறியவர்களின் பெயர்களை வேன்காரர் எழுதி வாங்கியிருந்தார். அவர்களையெல்லாம் தேடிப் போய்க் கையெழுத்து வாங்கினாள். இல்லாத பஸ்ஸுக்கே இத்தனை பேர் வந்தார்கள் என்று மாகாணப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். அதை எழுதித் தருவதாக நான் சொன்னேன், விடவில்லை. "என் வசனம் என்னோடது, நீங்கதானே சொன்னீங்க," என்றாள். ஆராயப்படும் என்று ஓகஸ்டில் ஒரு கடிதம் வந்தது. செப்டெம்பரில் ஓர் அலுவலர் வந்து, மாலையில் தூணோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்று இராக்கம்மா கடைசி பஸ் போனாலும் போகட்டும் என்று வேறு இருபது பேரை அழைத்துவந்து நிறுத்தியிருந்தார்.

கடைசிக் கடிதம் கடை முகவரிக்கு வந்தபோது கலாராணி கொஸ்லந்த பஸ்ஸில் இருந்தாள், ஜன்னல் சரிசெய்யப்பட்டதா என்று பார்க்க. நப்ரீஸ் பிரிக்காமல் மேசைமேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு போனையும் வைத்திருந்தார். நாலு மணிக்கு வந்து பிரித்தாள். நவம்பர் முதலாம் தேதியிலிருந்து நமுனுகுலவுக்கு மாலை ஆறு இருபதுக்கு ஒரு பஸ்.

"இப்ப திருடுவானா தங்கச்சி?" என்றார் நப்ரீஸ்.

"நேரத்த எடுத்துட்டுப் போகட்டும் நானா. எங்கம்மாவத் தொட்டான்னா கம்பனிக்கு மறுபடி எழுதுவேன்."

சொல்லிக்கொண்டே இராக்கம்மாவின் புடவைக் கடைப் பக்கம் ஓடினாள். மணி ஐந்தே காலாக இன்னும் நேரமிருந்தது.

கடிதம் வந்த தேதி 2024.10.23, புதன்கிழமை.