நிரினாவின் இங்கிலீஷ் டீச்சர்

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டை விட்டவள் ஜோஸ்பின். குருவிநத்தத்தில் அப்போது அது பெரிய செய்தியல்ல. அவளோடு எழுதிய பிள்ளைகள் பாதிப் பேர் ஏதாவது ஒன்றில் விழுந்திருந்தார்கள். அப்பா அந்தோணிசாமி கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா காசம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். மகள் தோற்றதைப் பற்றி இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுவாரம் ஜோஸ்பினும் அம்மாவோடு கழனியில் இறங்கினாள். பங்குச் சாமியார்தான் ஒருநாள் வரப்பில் நின்று அவளைக் கூப்பிட்டு, வில்லியனூரில் கன்னியர் நடத்தும் விடுதியில் தங்கி மறுபடியும் எழுதச் சொன்னார்.

எழுதினாள், பாஸானாள். அதோடு நின்றிருந்தால் கதை வேறு. எந்தப் பாடம் அவளைக் குப்புறத் தள்ளியதோ அதையே பிடித்துக்கொண்டாள். விடுதியில் மற்ற பெண்கள் தலை பின்னிக்கொள்ளும் நேரத்தில் இவள் பழைய இங்கிலீஷ் பேப்பரை வாய்விட்டுப் படிப்பாள். கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று வீட்டில் வந்து சொன்னபோது அம்மா அழுதாள். அப்பா வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்து, "சாமி கேக்குது, குடுத்துடுவோம்" என்றார்.

துறவற வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு முதல்முறை வீட்டுக்கு வந்த அன்று அந்தோணிசாமி வாசலில் எழுந்து நின்று, "வாங்க சிஸ்டரு" என்றார். ஜோஸ்பினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். அவர் அதற்குப் பிறகு சாகும்வரை அவளை வாடி போடி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஊர்க்காரர்கள் எதிரே மரியாதை கொடுப்பாள். அடுப்படிக்குள் வந்ததும் "இன்னாடி இளைச்சிப் போய்க்கிற" என்பாள். அதைக் கேட்பதற்காகவே ஜோஸ்பின் வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் போய்விடுவாள்.

பல வருஷம் இங்கேயே பள்ளிகளில் பாடம் எடுத்தாள். பிறகு ஒருநாள் சபையிலிருந்து உத்தரவு வந்தது. மடகாஸ்கருக்குப் போக வேண்டும், அங்கே குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றார்கள். அது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தீவு என்று தம்பி பாக்யராஜ் போனில் படம் காட்டினான். திருபுவனை கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன் அவன். அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். சுற்றிலும் தண்ணீராக இருக்கிறதே என்று மட்டும் சொன்னாள்.

போய் இறங்கிய இடம் கிழக்குக் கரையோரம் ஒரு சிற்றூர். செம்மண், நெல் வயல், ஓயாத மழை. தலைச்சுமையோடு வரப்பில் நடந்துபோகும் பெண்களைப் பார்த்தபோது தன் ஊரான பாகூர்ப் பக்கம் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி தெரியும், அரைகுறையாகப் பிரெஞ்சு தெரியும். இங்கிலீஷ் புதிது. கன்னியரை அங்கே மசேரா என்பார்கள். மசேரா ஜோஸ்பினின் வகுப்பு பாட்டும் கூச்சலுமாக இருக்கும். ஒரு காலத்தில் இங்கிலீஷ் தன்னை என்ன பாடு படுத்தியது என்பது நினைவில் இருந்ததால் எந்தப் பிள்ளையையும் அவள் திட்டியதில்லை.

அந்த வகுப்பில்தான் நிரினா இருந்தாள். பள்ளிக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் ரசோவாவின் மூத்த மகள். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லும் காது அவளுக்கு. "ஹவ் ஆர் யூ?" என்றால் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இவள் எழுந்து நின்று, "ஐ ஆம் ஃபைன், சிஸ்டர். தேங்க் யூ" என்பாள். மசேரா என்று சொல்லாமல் சிஸ்டர் என்றே கூப்பிடுவாள். ஜோஸ்பின் பேசும் ர-வும் ட-வும் அப்படியே அவள் வாயில் வரும். கேட்டால் குருவிநத்தத்துப் பெண் பேசுகிறாள் என்றே தோன்றும். ஜோஸ்பினுக்கு அதில் சொல்லிமுடியாத பெருமை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் அந்தோணிசாமி போய்ச் சேர்ந்தார். விமானம் ஓடாத காலம். பாக்யராஜ் போனில் காட்டினான். பிளாஸ்டிக்கில் சுற்றிய உடம்பை நாலு பேர் தூக்கிக்கொண்டு கல்லறைக்குள் போனது மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அன்றைக்கு மடத்தில் இருந்த மற்ற கன்னியர் ஜெபமாலை சொன்னார்கள். ரசோவா வந்து ஜெபம் எதுவும் சொல்லவில்லை. ஜோஸ்பினைக் கட்டிலில் உட்காரவைத்து, பின்னால் உட்கார்ந்து அவள் தலையை எண்ணெய் தேய்த்து வாரிவிட்டாள். அவர்கள் ஊரில் துக்க வீட்டில் அப்படிச் செய்வார்களோ, இல்லை அவளாகச் செய்தாளோ தெரியவில்லை. ஜோஸ்பின் அன்றுதான் அழுதாள்.

அடுத்த வருஷம் புயல் வந்தது. 'தானே' புயலில் குருவிநத்தமே படுத்ததைப் பார்த்தவள்தான் ஜோஸ்பின். ஆனால் இது பள்ளிக்கூடத்துக் கூரையை ஓலைப்பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டு போனது. ரசோவாவின் வீடும் இல்லை, மரவள்ளிக் கொல்லையும் இல்லை. ஊரில் தின்ன எதுவும் இல்லாத அந்த மாதங்களில்தான் ஏஜென்ட் ஒருவன் வந்தான். வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் பெண்கள் வேண்டும், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தால் உடனே எடுப்பார்கள் என்றான். மடகாஸ்கர் அரசாங்கம் அப்படிப் போவதைத் தடை செய்திருந்தது. அதனால் வேறொரு தீவு வழியாகக் கூட்டிப் போவார்களாம். நிரினாவுக்கு அப்போது பத்தொன்பது வயது.

ஜோஸ்பின் போக வேண்டாம் என்றாள். இரண்டு தடவை ரசோவா புதிதாகப் போட்ட குடிசைக்கே போய்ச் சொன்னாள். மூன்றாம் தடவை போனபோது கீழே மண்ணில் சின்னப் பிள்ளைகள் காட்டுக் கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபின் அவளுக்குப் பேச வாய் வரவில்லை. ஏஜென்ட் எதிரே நிரினா இங்கிலீஷ் பேசிக் காட்டினாள். அவன் கைகொட்டிச் சிரித்தான். எங்கே படித்தாய் என்று கேட்டான். அவள் ஜோஸ்பினைக் கை காட்டினாள்.

போன இடத்திலிருந்து நிரினா போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். அம்மாவிடம் போன் இல்லாததால் எல்லாம் ஜோஸ்பினுக்குத்தான் வரும். வீட்டுக்காரி பக்கத்தில் இருந்து கேட்பாள் போலிருக்கிறது, அவளுக்கும் புரியும்படி நிரினா எப்போதும் இங்கிலீஷிலேயே பேசுவாள். ஐ ஆம் ஃபைன், சிஸ்டர். த ஹவுஸ் இஸ் பிக். த மேடம் ஹேஸ் ஃபைவ் சில்ட்ரன். ஜோஸ்பின் அதை ரசோவாவுக்குப் போட்டுக் காட்டி, மொழிபெயர்த்துச் சொல்லி, இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்று பூரித்துப்போவாள். நாளாக ஆகப் பேச்சு சுருங்கியது. கடைசியில் "ஐ ஆம் ஃபைன், சிஸ்டர்" மட்டும் வந்தது. குரல் கரகரத்திருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தாள்.

சில வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து ஒரு ஆள் கூப்பிட்டான். அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டான். நான் பேசுகிறேன் என்றாள் ஜோஸ்பின். உங்கள் பெண் இறந்துவிட்டாள், இதயம் நின்றுவிட்டது, குறுக்கு வழியில் வந்தவள் என்பதால் உடம்பை அனுப்ப முடியாது, இங்கேயே அடக்கம் செய்யக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அவள் போனைக் கையில் பிடித்தபடி துணி துவைக்கும் கல்லடிக்கு நடந்தாள். ரசோவா நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஆள் சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாக அவள் மொழியில் ஜோஸ்பின்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ரசோவா அலறவில்லை. கையிலிருந்த சோப்பு நுரையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டாளாம்? கேளுங்க மசேரா" என்றாள்.

ஜோஸ்பின் கேட்டாள். அவன் தெரியாது என்றான்.

"குளிப்பாட்டினது யாரு? பொம்பளைங்கதானா?"

அதையும் கேட்டாள். அவன், மன்னிக்கணும் சிஸ்டர், எனக்குத் தெரியாது, சம்மதமா இல்லையா அதைச் சொல்லுங்கள் என்றான். செத்தவர்களைச் சொந்த மண்ணில், முன்னோர் கல்லறையில் கொண்டு வைக்காவிட்டால் அந்த உயிர் அலையும் என்று நம்புகிற சனங்கள் அவர்கள். ரசோவா வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். "யெஸ்" என்ற வார்த்தையை அவளுக்காக ஜோஸ்பின் சொன்னாள்.

ஊரில் ஒருவரும் ஜோஸ்பினைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். துக்கம் கழிந்த திங்கட்கிழமை ரசோவா தன் சின்ன மகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, கையைப் பிடித்துக் கொண்டுவந்து இங்கிலீஷ் வகுப்பில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். நிரினா உட்கார்ந்த அதே பெஞ்சு. ஜோஸ்பின் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பினாள். "ஹவ் ஆர் யூ?" என்று எழுத வேண்டிய பாடம். கை மேலே போகவில்லை. பிள்ளைகள் முதலில் காத்திருந்தார்கள், பிறகு சலசலத்தார்கள், பிறகு பயந்துபோனார்கள். பெரிய வகுப்புக் கன்னியர் வந்துதான் அவளை அழைத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் முயன்றாள். ஒருநாளும் முடியவில்லை. மழைக்காலம் முடிந்ததும் சபையில் அவளை ஊருக்கு அனுப்பினார்கள்.

வில்லியனூர் மடத்தில் அடுப்படி வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இவ்வளவு படித்துவிட்டு வெங்காயம் உரிக்கிறாரே என்று விடுதிப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் கம்பெனிப் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கச் சொல்லித் தலைமைச் சகோதரி கேட்டபோது உடம்பு சரியில்லை என்றாள்.

ஐப்பசியில் வீட்டுக்குப் போனாள். பாக்யராஜின் மகள் சுவேதா நர்சிங் முடித்திருந்தாள். வளைகுடாவில் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், இண்டர்வியூ முழுக்க இங்கிலீஷ், அத்தை வந்ததே தெய்வச் செயல் என்று வீடே காத்திருந்தது. ஜோஸ்பின் முடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை. பாக்யராஜ் அதுவரை அக்காவை எதிர்த்துப் பேசியவனல்ல.

"கண்காணாத ஊர்ல யார் யார் வூட்டுப் புள்ளைங்களுக்கோ சொல்லிக் குடுத்த. நம்ம வூட்டுப் பொண்ணுக்கு மட்டும் வாய் வரலியா உனக்கு?"

அவன் மனைவி செல்வகுமாரி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். ஜோஸ்பின் கீழே உட்கார்ந்துவிட்டாள். நிரினாவைப் பற்றி அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னாள். சொல்லி முடித்தபோது பாக்யராஜ் கதவோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். சுவேதாதான் பேசினாள்.

"அத்த, நல்லா இல்லைன்னா அத எப்படிச் சொல்றதுன்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

இல்லை. அத்தனை வருஷத்தில் ஒரு பாடத்திலும் இல்லை. யாராவது நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அவளும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் காலையில் சுவேதாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டாள். ஐ ஆம் நாட் வெல். ஐ வான்ட் டு கோ ஹோம். கிவ் மீ மை பாஸ்போர்ட். நோ. சுவேதா முதலில் சிரித்துக்கொண்டே சொன்னாள். இண்டர்வியூவில் இதெல்லாம் கேட்கமாட்டார்களே என்றாள். ஜோஸ்பின் விடவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னாள், முறைத்துப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. இண்டர்வியூவில் அவள் தேறினாள். கிளம்பும் தேதிக்காக இப்போது காத்திருக்கிறாள். ஜோஸ்பின் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போய் வா என்றும் இன்னும் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாளன்று காசம்மாளும் அவளும் மாலையில் அந்தோணிசாமியின் குழிக்குப் போனார்கள். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்திருந்தான் பாக்யராஜ். அப்பாவின் தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஒரு சாண் தள்ளி வெறும் மண்ணில் இன்னொன்றை ஊன்றினாள் ஜோஸ்பின்.

"அது யாருக்குடி?" என்றாள் காசம்மாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் மரியாதையை மறந்துவிட்டாள்.

ஜோஸ்பின் சொன்னாள்.

"ஞானஸ்நானப் பேரு இன்னா அதுக்கு?"

"மரி. மரி நிரினா."

காசம்மாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு முழங்காலிட்டாள். புருஷன் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். பிறகு சற்றுத் தடுமாறி, மரியம்மா என்று சொல்லி அவளுக்கும் ஒரு பரலோக மந்திரம் சொன்னாள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழுந்தது. ஜோஸ்பின் இரண்டு கையையும் குவித்து அந்தச் சின்னத் தீயை மறைத்தபடி, அம்மா முடிக்கும்வரை அப்படியே குந்தியிருந்தாள்.