புயல் வந்தபோது ஊரில் இல்லாதவர்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்த என் கணவர், இங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்கினார். நான் ஊரில் ஓர் அரச அலுவலகத்தில் பதினொரு வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள். ஆக்லாந்தில் அந்த வேலைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் பால் வாங்கப் போன, இங்கே டெயரி என்று சொல்லும் தெருமுனைக் கடையின் கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. ‘என் அப்பா புத்தகம் எழுதுகிறார். பொறுமையாகத் தட்டெழுத்துச் செய்ய ஒருவர் தேவை.’ முகவரி எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி.

கதவைத் திறந்தவர் அவருடைய மகள். ஆஸ்பத்திரியில் தாதி. “அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் அடித்தால் போதும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவர் எங்கள் தீவின் ஆளுநராக இருந்தவர். தயவுசெய்து சிரிக்காதீர்கள். முன்னால் வந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர்தான் சிரித்தார்.

“தேசாதிபதியோ? தொப்பியும் வாளுமா நிப்பினமே, அந்தத் தேசாதிபதியோ? அவருக்கு த்ரீ கிங்ஸிலை என்னப்பா வேலை?”

அவரிடம் தொப்பியும் இல்லை, வாளும் இல்லை. பூப்போட்ட சட்டையோடு, வெயில் விழும் பின் அறையில், எழுபதை நெருங்கிய பெரிய உடம்பை ஒரு பிரம்பு நாற்காலியில் இருத்தியிருந்தார். காலடியில் காகிதப் பெட்டிகள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். அந்த மொழியில் நீயும் நீங்களும் ஒன்று. ஆனால் அவருடைய குரல் என் காதில் எப்போதும் ‘நீர்’ என்றுதான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

“நீர் எந்த ஊர்?” என்று முதலில் கேட்டார்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள ஒரு சிறு தீவு என்றேன். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் ‘தீவார்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள் என்றும் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தொடையில் தட்டினார். “அப்போ உமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எழுதும்.”

அவருடைய தீவு பசிபிக்கில், தொலைவிலுள்ள ஒரு பெரிய நாட்டின் கொடியின் கீழ் இருந்தது. சில ஆயிரம் சனம். ஆளுநர்களை அந்த நாடே அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு சட்டம் மாறி, தீவுக்காரரே தங்கள் ஆளுநரைத் தெரிவுசெய்யலாம் என்று வந்தது. அப்படி வந்த இரண்டாவது ஆள் இவர். அதற்கு முன் தீவின் வானொலி நிலையத்தில் தந்தி வாங்குபவராக இருந்தார்.

“வெளியிலிருந்து வரும் செய்தியெல்லாம் முதலில் என் காதில்தான் விழும். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வெளிநாட்டில் செத்துப்போனது, எல்லாம் வீட்டுக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரியும். சைக்கிளில் போவேன். நல்ல செய்தியை வாசலில் நின்று சத்தமாகச் சொல்லுவேன். கெட்ட செய்தி என்றால் உள்ளே போய் உட்கார்ந்து சொல்லுவேன். பன்னிரண்டு வருடம் அப்படித்தான். தேர்தல் வந்தபோது நான் மேடையில் பெரிதாக ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.”

கிழமைக்கு மூன்று பின்னேரம் போனேன். வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டிய கதை, உயர்பள்ளிக்கூடம் தொடங்கிய கதை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த கப்பலை மாதா மாதம் வரவைத்த கதை. அந்தக் கப்பலுக்காகப் பெரிய நாட்டின் தலைநகருக்குப் போய், ஓர் அமைச்சரின் அறை வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் அமைச்சர் வெளியே வந்து, “ஆளுநரே, உங்களுக்கு என்னதான் வேண்டும்?” என்று கேட்டாராம். “வெங்காயம். எங்கள் ஆட்கள் வெங்காயத்தைக் கண்டு இரண்டு மாதம்” என்றாராம் இவர்.

அந்தக் கதைகளைச் சொல்லும்போது அவருடைய கண்கள் எனக்குப் பின்னாலிருந்த வேலியைத் தாண்டிப் போய்விடும். ஒருமுறை பேச்சை நிறுத்திவிட்டு, “இந்த நேரம் இறங்குதுறையில் நிழல் விழுந்திருக்கும்” என்றார். அதை அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆட்சிக்காலத்தின் மூன்றாம் வருடத்துக்கு வந்தால் மட்டும் அவருக்குத் தாகம் எடுக்கும். தேநீர் கேட்பார். குடித்து முடித்ததும், மழைநீர்த் தொட்டிக் கதையை மறுபடி தொடங்குவார். அந்த அத்தியாயத்தை நான் மூன்று தடவை அடித்தேன். அந்த வருடம் தீவைப் புயல் அடித்தது என்று மகள் சமையலறையில் வைத்துச் சொன்னார். அதற்கு அடுத்த தேர்தலில் அப்பா தோற்றார் என்றும், பேரனைப் பார்க்க மூன்று மாதத்துக்கென்று ஆக்லாந்து வந்தவர் ஆறு வருடமாகத் திரும்பிப் போகவில்லை என்றும் சொன்னார்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த வருட முடிவில் எங்கள் வீட்டுக்கு ஒரு செய்தி வந்தது. என் அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே தீவை விட்டு யாழ்ப்பாண நகரத்துக்கு வந்திருந்தார்கள். போர் நெருங்கியதால், இப்போது நகரத்தின் மொத்தச் சனத்தோடும் சேர்ந்து அங்கிருந்தும் மழையில் நடந்து வெளிக்கிட்டிருந்தார்கள். அக்கா கொழும்பிலிருந்து போனில் அழுதாள்.

“எங்கை நிக்கினம் எண்டே தெரியேல்லையடி. ஆரைக் கேட்டாலும் நடந்து போகினம் எண்டு மட்டும்தான் சொல்லினம்.”

அடுத்த நாளும் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்வது? விரல்கள் பிழையான எழுத்துகளில் விழுந்தன. மூன்றாவது தாளையும் கசக்கியபோது அவர் கேட்டார், “என்ன நடந்தது?”

சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லாமல், “அவர்கள் நடந்துகொண்டிருந்த நேரம் நீர் எங்கே இருந்தீர்?” என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இரவு முழுக்க நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். “பக்குரங்காவில். பிளாசாக் கடைகளில். திரைச்சீலை பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றேன். “நீலமா பச்சையா என்று நெடுநேரம் யோசித்தேன்.”

அவர் கசங்கிய தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, “புதுத் தாள் போடும்” என்றார்.

அன்று பின்னேரம் புயல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் சொன்னார். புயல் அடித்த நாள் அவர் அதே தலைநகரில் ஒரு மாநாட்டில் இருந்தார். காலையில் ஹோட்டல்காரர் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். விமான ஓடுபாதை தண்ணீருக்கடியில். வானொலிக் கம்பம் சாய்ந்துவிட்டது. தீவின் ஒவ்வொரு செய்தியையும் முதலில் கேட்டவருக்குப் பதினொரு நாள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. உதவிக் கப்பலுக்கு அலைந்தார், அலுவலகம் அலுவலகமாக ஏறினார்.

“ஐந்தாம் நாள் மாலை அறைக்கு வந்தேன். குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பினேன். அதில் படுத்தேன். அரை மணி நேரம். சுகமாக இருந்தது. அதை எழுதும். சுகமாக இருந்தது.”

எழுதினேன்.

“பன்னிரண்டாம் நாள் போய் இறங்கினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. வானொலி நிலையத்தில் என்னோடு வேலை செய்தவன் வந்து, ‘உங்கள் வீட்டுக் கூரையையும் போட்டுவிட்டோம்’ என்றான். அவனுடைய வீட்டுக்கு அப்போது கூரை இல்லை.”

என் பெற்றோர் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்ற தகவல் மூன்று கிழமை கழித்து வந்தது. அதைச் சொல்ல நான் முதலில் ஓடியது அவரிடம்தான்.

சில மாதங்களில் அவருடைய தீவில் தேர்தல் அறிவித்தார்கள். ஒரு சனிக்கிழமை, ஆக்லாந்தில் வாழும் தீவுக்காரர் நான்கு பேர் தேவாலயத்துக்குப் போகும் உடுப்போடு வந்து, மறுபடி நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர் உடனே சம்மதித்தது எல்லாருக்கும் ஆச்சரியம். நான் அடித்த தாள்களை மகள் வாசித்துவிட்டு முகம் சிவந்து நின்றார்.

“இந்தக் குளியல் கதையை எடுத்துவிடுங்கள் அப்பா. எதிராளிக்கு இது ஒன்றே போதும்.”

“ஊருக்கு முன்னால் அதை வாசிக்கத்தான் போகிறேன்” என்றார் அவர்.

அந்த அத்தியாயத்தை மட்டும் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டுப் புதிதாக அடித்துக் கொடுத்தேன். அவர் புறப்பட்ட நாள் வழியனுப்ப அவர் வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டி நிறைய ஆட்டிறைச்சி, உறவுக்காரருக்குச் செருப்புகள், ஒரு தையல் மெஷின். பொருட்களுக்கு நடுவில் அவர் இளமையாகத் தெரிந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தெரு முனையில் நின்று அழுதேன். அவர் போய் மன்னிப்புக் கேட்க ஓர் ஊர் அப்படியே இருந்தது. அங்கே கேட்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் தீவில், எங்கள் தெருவில், அப்போது ஆளில்லாத வீடுகள் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து நடுங்கிய எழுத்தில் ஒரு கடிதம் வந்தது. ஊர் மண்டபத்தில் அத்தியாயத்தை வாசித்தாராம். பிறகு பின்வரிசையில் ஒரு பெண், “தண்ணீர் நல்ல சூடாக இருந்ததா?” என்று கேட்க, மண்டபமே சிரித்ததாம். அவரும் சிரித்தாராம். தேர்தலில் மூன்றாம் இடம். வென்றவர் அடுத்த நாளே வந்து இவருடைய படகை இரவல் வாங்கிப் போனாராம். ‘இனி ஆக்லாந்து வரமாட்டேன். மகளுக்குக் கோபம். நீர் சொல்லிப் பாரும்’ என்று முடித்திருந்தார்.

என் கணவர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“தோத்தாலும் மனுசன் வீட்டை போய்ச் சேந்திட்டார்” என்றார். பிறகு, “நீரும் போக நினைக்கிறீரோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

அந்த வருடம் நியூசிலாந்திலும் தேர்தல் வந்தது. குடியுரிமை இல்லாவிட்டாலும் நிரந்தர வதிவிடம் இருந்தால் வாக்குப் போடலாம் என்றார்கள். பள்ளி மண்டபத்தில் வரிசையில் நின்று தாளை வாங்கினேன். ஒரே தாளில் இரண்டு சரி அடையாளம் போட வேண்டும், ஒன்று கட்சிக்கு, ஒன்று ஆளுக்கு. அதிலிருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். ஒருவருடைய வீடும் எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரிடமாவது எனக்குக் கோபம் இருந்திருந்தால் இது என் ஊர்த் தேர்தலாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பின்னால் நின்ற பெண் தொண்டையைச் செருமினாள். நான் இரண்டு சரியையும் போட்டு, தாளை மடித்துப் பெட்டிக்குள் இட்டுவிட்டு, வாசலில் காத்துக்கொண்டிருந்த கணவரிடம் போனேன்.