ரேணுகாதேவி பச்சையில் எழுதிய காசு

மலைக்காரன் கையில் காசு தங்காது என்று கீழே படவேட்டில் ஒரு பேச்சு உண்டு. வந்தால்தானே தங்குவதற்கு? மலையில் பஸ் நிற்கும் இடத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன், யார் நிலைமை எப்படி என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பேச்சைப் பொய்யாக்கப் பார்த்தவள் எங்கள் ஊரில் ஒருத்திதான், ரேணுகாதேவி.

அவள் புருஷன் வெற்றிவேல். வருஷா வருஷம் ஆவணியில் எங்கள் ஊர் ஆண்களைத் தேடி ஒரு புரோக்கர் வருவான். ஆந்திரக் காட்டில் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்ட ஆள் வேண்டும், முன்பணம் நாற்பதாயிரம் என்பான். அந்தப் பணத்தில் குடும்பம் மழைக்காலத்தைத் தள்ளிவிடும். போனவன் திரும்புவதுதான் நிச்சயமில்லை. சிலர் சிறையில் இருக்கிறார்கள், சிலரைப் பற்றித் தகவலே இல்லை. வெற்றிவேல் இரண்டு முறை போய்வந்தான். இரண்டாம் முறை வந்ததிலிருந்து தூக்கத்தில் அலறுகிறான். “மூணாந் தரம் அனுப்பமாட்டேங்க்கா” என்று ரேணுகாதேவி என்னிடம் சொன்னாள்.

மகளிர் குழுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சந்தவாசலிலிருந்து ஜெனிலா என்ற பெண் ஸ்கூட்டியில் வருவாள். அவள்தான் வரவு செலவு எழுதும் செயலி ஒன்றை எல்லோர் போனிலும் ஏற்றிக்கொடுத்தாள். “வர்ற துட்டு பச்சை, போற துட்டு சிவப்பு. அவ்ளோதாங்க” என்றாள். ஒரு வாரத்தில் மற்ற நாங்களெல்லாம் மறந்துபோனோம். ரேணுகாதேவி விடவில்லை. என் கடையில் ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கினாலும் நின்று எழுதிவிட்டுத்தான் நகர்வாள். எனக்கு எரிச்சலாக வரும். பின்னால் நிற்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

மாதக் கடைசியில் எதற்கு எவ்வளவு போனது என்று வட்டமாக ஒரு படம் வருமாம். முதல் படத்தைப் பார்த்து அவள் திட்டவில்லை, போனைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

“இன்னாடி இது, பாதி வட்டம் ஒரே கலரு?”

“அது நீ குடிச்சது மாமா.”

வருஷக்கணக்கில் சண்டைக்கு அசையாதவன் அந்தப் படத்துக்கு அசைந்தான். குடியைக் குறைத்தான். அவள் சந்தைக்கு வாராவாரம் ஷேர் ஆட்டோவில் போவதை நிறுத்தினாள். அறுத்த கையோடு சாமையை விற்காமல் விலை ஏறும்வரை வைத்திருந்தாள். செயலியில் சேமிப்புக்கு ஓர் இலக்கு வைத்து அதற்குப் பெயரும் போடலாம். “மாமா வூட்ல இருக்கணும்” என்று பெயர் போட்டு, நாற்பதாயிரம் என்று எழுதினாள். ஒரு வருஷத்தில் பத்தாயிரம் சேர்ந்தது. எங்கள் ஊரில் அது பெரிய விஷயம்.

புளி பூக்கும் காலத்தில் சந்தவாசல் வியாபாரி கோகுலகிருஷ்ணன் மலைக்கு வருவார். மரத்தை அண்ணாந்து பார்ப்பார், ஒரு தொகையைக் கையில் வைப்பார், பிறகு மாசியில் வந்து காயை அள்ளிக்கொள்வார். இதை நாங்கள் யாரும் கடன் என்று சொல்வதில்லை. மரத்துக் காசு என்போம். அது மரம் கொடுத்தது, மனுஷன் கொடுத்ததில்லை. காய் குறைந்தால் அடுத்த வருஷக் காயில் கழித்துக்கொள்வார்கள், எங்கள் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். ரேணுகாதேவியின் ஐந்து மரத்துக்கு முப்பதாயிரம் கொடுத்தார். அவள் வரவில் போட்டாள். இலக்கு நிறைந்தது என்று போன் திரை முழுக்கக் கலர் காகிதத் துண்டாகத் தூவியது. கடைக்கு ஓடிவந்து காட்டினாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆவணியில் புரோக்கர் வந்தபோது, “நான் வர்ல, வேற ஆளப் பாரு” என்று வெற்றிவேல் வாசலிலேயே சொன்னான். அதற்குப் பிறகு அவன் நடையே வேறு. அந்தப் பணத்தில் கூரைக்குத் தகரம் போட்டார்கள், உழுதார்கள், மழைக்காலம் முழுக்கச் சாப்பிட்டார்கள்.

அந்த மழையில் அடித்த காற்றில் புளியம்பிஞ்செல்லாம் கொட்டிவிட்டது. மாசியில் கோகுலகிருஷ்ணன் வந்தார். ஐந்து மரத்திலும் சேர்த்து ஒரு மூட்டை தேறவில்லை.

“அடுத்த வருஷம் கழிச்சிக்கோங்க” என்றாள் ரேணுகாதேவி.

“மண்டியவே மூடப்போறேம்மா. அடுத்த வருஷம் நான் ஏது? குடுத்த துட்டு வேணும்.”

“அது மரத்துக் காசுங்களே!”

“மரமா கைநீட்டி வாங்கிச்சு? நீதானே வாங்கின.”

அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ரேணுகாதேவி ஜெனிலாவுக்குப் போன் போட்டாள். “அய்யோ, அது முன்பணம்க்கா. கடன்னு தனியா ஒரு பக்கம் இருக்குதே, அதுல போட்டிருக்கணும்” என்றாள் அந்தப் பெண். ரேணுகாதேவி அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. யாரிடமும் கடன் வாங்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள்? முப்பதாயிரத்தை எடுத்து அங்கே மாற்றினாள். பச்சையாக இருந்ததெல்லாம் சிவப்பாகிவிட்டது.

வெற்றிவேல் தானே புரோக்கரைக் கூப்பிட்டான். வாங்கிய நாற்பதில் முப்பதை வியாபாரிக்குக் கொடுத்தான், பத்தை அவள் கையில் வைத்தான். என் கடை வாசலில்தான் பஸ் ஏறினான். கண்டக்டர் விசில் ஊதும்வரை அவள் அவன் சட்டையை விடவில்லை.

பஸ் போனதும் கடை பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

“இப்ப எதுக்குடி அது?” என்றேன்.

“நாப்பதாயிரத்த எழுதணும்க்கா. இந்தத் தரமாவது சரியா எழுதறேன்.”

கடன் பக்கத்தைத் திறந்தாள். தொகையைப் போட்டாள். யாரிடம் வாங்கியது என்பதையும் போட்டாள். அப்புறம் கை நின்றுவிட்டது. போனை என் பக்கம் திருப்பினாள்.

“எப்ப அடையும்னு தேதி கேக்குதுக்கா. மாமா வந்தாதானே அடையும்? தேதி போடாம வுடமாட்டேங்குது. ஒரு தேதி சொல்லுக்கா.”

வாய்க்கு வாய் பேசுகிறவள் நான். பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஒவ்வொரு மாதமாக நாக்கு வரைக்கும் வந்தது. ஒன்றைக்கூட வெளியே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.