யசோதராவின் இரண்டாவது போர்டு

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பெங்களூர் ரயில் ஏறியதும் யசோதரா ஜன்னலோர இருக்கையில் டிபன் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்துவிடுவாள். சற்றுத் தள்ளிக் கோரமண்டல் ஸ்டேஷனில் பியாட்ரிஸ் ஏறும்வரை, அந்த இடத்தைத் தமிழில் கேட்டால் "ஆள் வராங்க" என்பாள். கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் முறைப்பாள்.

முப்பத்துநான்கு வயது. பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறாள். கவுன்ட்டரில் உட்கார்ந்து அதைத் தட்டுவது பியாட்ரிஸ். கூட வேலை செய்கிறவர்களிடம் யசோதரா ஓயாமல் பீற்றிக்கொள்வது, மைன் வாசலில் தன் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கும்போது டோக்கன் மாட்டி, ஏறி வந்ததும் கழற்றிய போர்டைப் பற்றி. "போர்டு ஒண்ணுதான் இருக்கணும்பா. கம்ப்யூட்டர்ல எல்லா விண்டோவும் அதைத்தான் பாக்கணும். ஆளுக்கொரு போர்டு வச்சா, கீழ கீறவனை மேல வந்துட்டான்னு சொல்லிடுவோம்."

சொன்ன மகராசியே சறுக்கினாள். அவசரத்தில், பிரிண்ட் விண்டோவுக்கு மட்டும் நோயாளியின் பெயரைத் தனியாக எடுத்து வைத்தாள்; அதுதான் இரண்டாவது போர்டு. பியாட்ரிஸ் தட்டும் விண்டோவில் ஆளை மாற்றினாலும் பிரிண்டில் பழைய பெயரே நின்றது. கோவிந்தன் என்ற பெரியவர் பெயரில் வேறொருவருடைய சர்க்கரை அளவு போனது. வேண்டாத மாத்திரையைப் போட்டு மனுஷன் மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

பெயரைத் தப்பாகத் தட்டிவிட்டாள் என்று பழி பியாட்ரிஸ் தலையில் விழுந்தது. யசோதரா வாயைத் திறந்தாளா? வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் பிழையைச் சரிசெய்து, 'சிறு திருத்தம்' என்று குறித்துவைத்தாள். அன்றிலிருந்து தலை சீவக் கண்ணாடி முன் நின்றால் தன் முகத்தையே பார்க்கக் கூசுகிறது.

இன்று பியாட்ரிஸ் ஏறியதும், "எனக்குன்னு எடம் புடிச்சி வச்சிக்கீற பாரு, நீ நல்லா இருக்கணும் யசோ" என்றாள். யசோதரா குனிந்தபடியே டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பியாட்ரிஸ் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "மன்னிப்பு லெட்டர் கேட்டுக்கீறாங்க. குடுத்தா வேலை போவும்னு தெரியும். இன்னா பண்றது, என் கைதான் தப்பா தட்டிக்கீது. நீ படிச்ச பொண்ணு, தப்பு இருந்தா திருத்திக் குடு."

'என் கவனக்குறைவால் பெயர் மாறிவிட்டது. இப்படிக்கு, பியாட்ரிஸ்.'

யசோதரா இரண்டு தரம் படித்தாள். "தப்பு கீதுக்கா. ஒண்ணே ஒண்ணு." பியாட்ரிஸின் பேனாவையே வாங்கி, 'இப்படிக்கு'வுக்கு அடுத்திருந்த பெயரை அடித்துவிட்டு, ரயிலின் குலுக்கலில் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள்.