பதினோராம் நம்பர் அறையின் சாவி

எதிர் ஃப்ளாட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருக்கிறது. ஏதோ ஒரு தீவுக்குப் போய்விட்டு முந்தாநாள்தான் திரும்பினார்கள். சாக்லெட் டப்பாவோடு வந்து உட்கார்ந்து, போனில் நானூறு படம் காட்டினார்கள். நானூறிலும் வெயில். சத்துவாச்சாரியில் மே மாசத்து மத்தியானம் ஃபேனுக்குக் கீழே ஈரத்துண்டோடு உட்கார்ந்திருக்கிறவனிடம் வந்து "வெயில்னா அதுதான் அங்கிள் வெயில்" என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். சின்னஞ்சிறுசுகள், சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சோபாவில் கழற்றி வைத்த ஓலைத் தொப்பியிலிருந்து, வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் கிரீமின் வாசனை வந்தது. தேங்காயும் மருந்தும் கலந்த வாசனை. நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். "நீங்க ஃபாரின் போயிருக்கீங்களா அங்கிள்? எங்க போலாம்னு சொல்லுங்களேன்" என்று அந்தப் பையன் கேட்டான். எங்கேயும் போனதில்லை என்று பொய் சொல்லிவிட்டேன்.

உங்களிடம் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் போய்ப் பார்க்கத் தோன்றும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தேன். சாயமேற்றிய தோலைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, அட்டையில் வரிசையாக ஒட்டி, கீழே நிறத்தின் பெயரை எழுத வேண்டும். ஷேடு கார்டு என்போம். காப்ரி நீலம், சஹாரா மணல், மலாகா சிவப்பு. எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வைத்த பெயர்கள். அவர்கள் விடுமுறைக்குப் போய் வெயிலில் படுத்துக் கிடக்கிற இடங்கள் அவை என்பது எனக்குத் தெரியாது. ஏதோ ரசாயனத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் முத்து முத்தாக எழுதினேன்.

அந்த நிறங்களை உண்டாக்குகிறவர் எட்வின் சார், எங்கள் கலர் மாஸ்டர். வடக்குப் பார்த்த ஜன்னலில் தோலைத் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார், இன்னும் கொஞ்சம் மஞ்சள் என்பார், சரியாக இருக்கும். இருபத்திரண்டு வருஷம் சாயத்தில் ஊறியதால் அவருடைய நகங்கள் பத்தும் கருஞ்சிவப்பாக இருக்கும். கோயிலில் நற்கருணை வாங்கக் கை நீட்டும்போதுகூட விரலை மடக்கிக்கொள்வார் என்று அவர் மனைவி மெர்சி அக்கா சொல்லியிருக்கிறார்.

நாங்கள் மூன்று பேருக்குமே பள்ளிகொண்டாதான். மெர்சி அக்கா வேலூரில் நர்ஸ். காலை ஏழு மணிக்கு ரோட்டுக்கு ஒரு பக்கம் அவர் வேலூர் பஸ்ஸுக்கு நிற்பார், எதிர்ப்பக்கம் சாரும் நானும் ஆம்பூர் பஸ்ஸுக்கு நிற்போம். யார் பஸ்ஸாவது முதலில் வரும்வரை அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே நிற்பார்கள். பிள்ளை இல்லாத வீடு. நான் வேறு பக்கம் திரும்பி, வராத பஸ்ஸை ரொம்ப அக்கறையாகத் தேடுவேன். பஸ் ஏறினால் எங்கள் பக்கத்து சீட் எப்போதும் காலி. தோல் வாசனைக்கு அவ்வளவு மரியாதை.

எங்களிடம் தோல் வாங்கிய ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, எட்வின் சாரை ஆறு வாரப் பயிற்சிக்குத் தன் ஊருக்கு அழைத்தது. முடிந்ததும் நான்கு நாள் லீவு கொடுத்து, ஒரு சின்னக் கடற்கரை ஊருக்கு அவர்களே டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் சார் எடுத்த முதல் லீவு அது. கடன் வாங்கிக் கொண்டுபோன கேமராவில் முப்பத்தாறு படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்டூடியோவில் கழுவினால் முப்பத்தாறும் வெள்ளை. "வெயில் ஜாஸ்தி ஆயிடுச்சு போல" என்றார். ஸ்டோர் பாஷா பாய் விடுவாரா? "தோஸ்த், உண்மைய சொல்லு. அரக்கோணத்துலயே எறங்கி மச்சான் வூட்ல படுத்துட்டுதான வந்த?" என்றார். சாப்பாட்டு ஷெட்டே சிரித்தது.

படம் இல்லாததால் சார் வாயாலேயே காட்டினார். தினமும் மத்தியானம் அதே பேச்சு. "போனா மே மாசத்துல போவணும். பஸ்ஸ விட்டு எறங்கி லெஃப்ட்ல நட. ரொட்டிக் கட வாசன வரும், அங்க திரும்பாத, அடுத்த சந்து. லாட்ஜுல பதினோராம் நம்பர் ரூம் கேளு. மொட்ட மாடில கடைசி நாற்காலி, அதுலதான் வெயில் சாயங்காலம் வரைக்கும் நிக்கும்." மகாபலிபுரம்கூடப் பார்க்காத முப்பது பேர் அந்த வழியை மனப்பாடம் செய்து வைத்திருந்தோம்.

இதற்கிடையில் ஒரு சாவியும் வந்து சேர்ந்திருந்தது. வெளியே போகும்போதெல்லாம் அறைச் சாவியைக் கீழே மேசையில் கொடுத்துவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கமாம். நம் ஆட்கள் கொடுப்போமா? பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, சாவியை உள்பாக்கெட்டில் ஊக்குப் போட்டு வைத்துக்கொள்கிற சாதி நாம். சாரும் அப்படியே செய்திருக்கிறார். கிளம்பின அன்று விடிகாலை பஸ். லாட்ஜுக்கார அம்மாள் எழுந்திருக்கவில்லை. சாவி பள்ளிகொண்டாவுக்கு வந்துவிட்டது. பித்தளை வில்லையில் பதினொன்று என்று வெட்டியிருக்கும். தபாலில் அனுப்பிவிடலாம் என்று மெர்சி அக்கா சொன்னபோது, "ரூம காலி பண்ணாம எப்படி அனுப்புறது?" என்று கேட்டாராம். அக்கா அதை வேடிக்கை என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்.

வந்து நாலைந்து மாசம் கழித்து, ஒரு நாள் சாப்பிடும்போது சார் சொன்னார்: "நேத்து அந்த லாட்ஜு நாய் குட்டி போட்டுச்சு. மூணு. ஒண்ணுக்கு ஒரு காது மட்டும் வெள்ள."

பாஷா பாய் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அடுத்த வாரம், "கரைல கெடந்த பச்ச படகுக்கு இன்னிக்கு மஞ்ச பெயிண்ட் அடிக்கிறாங்க" என்றார். இந்தத் தடவை சிரிப்பு கொஞ்சம் கம்மியாக இருந்தது. சார் விளையாட்டாகச் சொல்லவில்லை. நேற்று கடைத்தெருவில் யாரையோ பார்த்தேன் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். டிபன் பாக்ஸைத் திறக்காமலே, "இப்பதான் சாப்ட்டேன்" என்று தள்ளி வைத்தார்.

ஐப்பசி அடைமழை. மூன்று நாளாகச் சூரியனே இல்லை, கரண்டும் இல்லை. கலர் ரூமில் என் கையே எனக்குத் தெரியவில்லை. சார் ஜன்னலில் தோலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கண்ணுக்கு நிழல் கட்டியபடி, "கூசுதுப்பா" என்றார். நான் பக்கத்தில் போனேன். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் நாறுகிற அந்த இடத்தில் அவர் கழுத்திலிருந்து தேங்காயும் மருந்தும் கலந்த வாசனை வந்தது. கழுத்துத் தோல் வெயிலில் வெந்து உரிந்திருந்தது. பேன்ட் ஓரத்தில் உப்புக் கோடு. உப்பை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோல் ஃபேக்டரியில் யார் பேன்ட்டில்தான் உப்பு இல்லை? ஆனால் அன்றிலிருந்து அவர் பக்கத்தில் தனியாக நிற்க எனக்குப் பயம். அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

அடுத்த வருஷப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மெர்சி அக்கா என் வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையில் முடிந்திருந்த சாவியை என் கையில் வைத்தார்.

"தம்பி, இத அங்க குடுத்துட்டு வா."

"சாருக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. வூட்ல இருக்கிறவரு சாப்டுறது இல்ல, தூங்குறது இல்ல. கூப்ட்டா திரும்புறாரு, அவ்ளோதான். பத்தொம்பது வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? அவரு இன்னும் வரல தம்பி. சாவி அவங்க கைக்குப் போனாதான் ரூம விடுவாங்க. ரூம விட்டாதான் அவரு வருவாரு."

ஒரு நர்ஸ் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். ஆனால் அக்கா அழவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து எப்போது, எத்தனை வேளை என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். வாங்கி உள்பாக்கெட்டில் ஊக்குப் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் முடிந்து, எனக்கும் நான்கு நாள் லீவு கிடைத்தது. நானாகவே அந்த ஊரைக் கேட்டு வாங்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கி இடது பக்கம் நடந்தேன். ரொட்டிக் கடை வாசனை வந்தது. அடுத்த சந்தில் திரும்பினேன். கரையில் ஒரு மஞ்சள் படகு கிடந்தது. பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் பச்சை தெரிந்தது. லாட்ஜ் வாசலில் ஒரு காது மட்டும் வெள்ளையாக ஒரு நாய் படுத்திருந்தது. உச்சி வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

மேசைக்குப் பின்னால் ஆணி அடித்த பலகை. எல்லா ஆணியிலும் சாவி தொங்கியது. பதினோராவது ஆணி மட்டும் காலி. லாட்ஜுக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள், அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள்: "உங்கள் நாட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். ரொம்ப அமைதியானவர். ஒரு தொந்தரவும் இல்லை."

மேலே போனேன். மொட்டை மாடி முழுக்கக் கண் கூசும் வெள்ளை. கடைசி நாற்காலியில் ஒருவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் நனைத்த கைக்குட்டை. பள்ளிகொண்டா டெய்லர் தைத்த சட்டை, எனக்குத் தெரியாதா? திரும்பாமலே பேசினார்.

"இன்னா தம்பி, லேட்டு? ஒக்காரு. வெயில் நல்லா இருக்கு."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்காராமல் இருக்க முடியவில்லை. "அக்கா வரச் சொன்னாங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"தெரியும். இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்னு சொல்லு" என்றார், லீவில் இருக்கிற எல்லாரும் சொல்வது போல.

நாற்காலிக் கைகளில் அவர் கைகள் இருந்தன. நகங்கள் பத்தும் வெள்ளை வெளேரென்று, குழந்தை நகம் போல இருந்தன. சாயமேறாத எட்வின் சாரை நான் பார்த்ததே இல்லை. அந்த நகங்களைப் பார்த்த பிறகு பாக்கெட்டிலிருந்து சாவியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மறுபடியும் அந்த ஏழு மணி பஸ்ஸுக்கு, அந்தச் சாயத் தொட்டிக்கு இந்த மனுஷனை இழுத்துப்போக நான் யார் என்று நினைத்தேன். மெர்சி அக்காவை நினைக்கவே இல்லை. அதுதான் நான் செய்த பாவம்.

நான்கு நாளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பசிக்கவில்லை. கிளம்ப வேண்டிய காலையில் அந்த அம்மாள் வந்து கேட்டபோது, இன்னும் இரண்டு நாள் இருக்கிறேன் என்று என் வாய் சொன்னது. பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடி, கரைச் சுவரில் நின்று ஊக்கைக் கழற்றி, பதினோராம் நம்பர் சாவியைக் கடலில் எறிந்தேன். அது என் பாக்கெட்டில் இருந்தால் நானும் அங்கேயே தங்கிவிடுவேன் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது.

ஊர் திரும்பிய மறுநாள் சாப்பாட்டு ஷெட்டில் சார் சொன்னார்: "போன வாரம் ஒரு தம்பி வந்து பக்கத்துல ஒக்காந்தான். நாலு நாள் இருந்தான். சொல்லாம போயிட்டான்." பாஷா பாய் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மெர்சி அக்கா காத்திருந்தார்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேங்க்கா."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்றைக்கும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியாது. அன்றிலிருந்து, வரப்போகிறவருக்காகத் தினமும் ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டுச் சமைத்தார். வீட்டில் இருந்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து எழுந்துபோனார். அக்கா ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. ஏழு வருஷம் அப்படிப் போயிற்று.

எண்பத்தொன்பதில் சார் கலர் ரூமிலேயே நாற்காலியில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடும் நேரம். எல்லாரும் அழுதார்கள், அக்கா அழவில்லை. என்னைத் தனியாக அழைத்து, கருஞ்சிவப்பு நகங்களை மறைத்துப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைக் காட்டி, மெதுவாகச் சொன்னார்: "இவர நல்லபடியா அனுப்பிடலாம் தம்பி. அவரு வரும்போது ஒருவேள நான் இல்லன்னா, நீ இருந்து சொல்லு."

அக்கா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஃபேக்டரி இடிந்து அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது. நாலு வழிச் சாலைக்காக அவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்தச் சமையலறை இருந்த இடத்தின் மேல் லாரி போகிறது. பாஷா பாயும் இல்லை. என் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு அப்பா, இங்கே நல்ல வெயில் என்று வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். முட்டி வலி என்கிறேன், பாஸ்போர்ட் காலாவதி என்கிறேன். எட்வின் சாரை அடையாளம் தெரிந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் மிச்சம். வந்து, மெர்சி எங்கே என்று அவர் கேட்டால், கடைசி வரை உங்களுக்குச் சோறு வைத்திருந்தார் சார், நான்தான் சாவியைக் கொடுக்கவில்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?